சால்மனுக்கு உப்பு மட்டும் போதுமா?

சில வாரங்களாக வரும் கடிதங்களில் பெரும்பாலானவை சால்மன் மீனைப் பற்றியவை. வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். உப்பு, மிளகு, எலுமிச்சையோடு நிறுத்து என்கிறது ஒரு கட்சி. அலமாரியில் இருக்கிற டப்பா எல்லாவற்றையும் திற என்கிறது இன்னொரு கட்சி. நான் எந்தக் கட்சி என்பதை முதல் பதிலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு கடிதத்திலும் மீன் வேறு, அடுப்பு வேறு, சாப்பிடுகிறவர் வேறு. அதனால் தனித்தனியாகவே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: அக்கா, எங்கள் வீட்டில் அடிக்கடி சால்மன்தான். பூண்டுத்தூள், வெங்காயத்தூள், பப்ரிகா, மிளகாய்த்தூள், தைம், ஆரிகனோ, பழுப்புச் சர்க்கரை, தேன், சோயா சாஸ், கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்து தடவி ஓவனில் வைப்பேன். என் கணவர், "உப்பும் மிளகும் போதும், மீன் ருசியே தெரியவில்லை" என்கிறார். அவர் சமைக்கிற அன்று எனக்குச் சப்பென்று இருக்கிறது. யார் பக்கம் நியாயம்?

பதில்: முக்கால் பங்கு உங்கள் கணவர் பக்கம், கால் பங்கு உங்கள் பக்கம். அந்தக் கால் பங்கைச் சமாதானத்துக்காகத் தரவில்லை, காரணத்தோடுதான் தருகிறேன்.

நீங்கள் தடவுகிறவற்றில் மீனின் நடுப்பகுதி வரை போகக்கூடியது உப்புதான். பூண்டு, பப்ரிகா, தைம் இவற்றின் மணமெல்லாம் மேலே ஓரிரு மில்லிமீட்டரோடு நின்றுவிடும். ஆகவே தடிமனான ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால், வெளியே பதினொரு பொருளின் பூச்சு, உள்ளே வெறும் மீன். உங்கள் கணவர் அந்தப் பூச்சைச் சொல்கிறார். நீங்கள் அவர் சமைத்ததில் உள்ளே இருக்கிற வெறுமையைச் சொல்கிறீர்கள். அவர் அடுப்பில் வைப்பதற்குச் சற்று முன்னால்தான் உப்பைத் தூவுகிறார் என்று நினைக்கிறேன். சப்பென்று இருப்பதற்குக் காரணம் மசாலா குறைவு என்பதைவிட, உப்பு உள்ளே இறங்க நேரம் கிடைக்கவில்லை என்பதுதான். உப்பை முன்கூட்டியே போடச் சொல்லுங்கள், பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

அடுத்தது கொழுப்பு. அட்லாண்டிக் சால்மன் என்று எழுதி விற்பது அநேகமாக எல்லாமே பண்ணையில் வளர்ந்தது. நார்வே, சிலி, ஸ்காட்லாந்து என்று ஏதாவது ஒரு பெயர் உறையில் இருக்கும். அதில் 100 கிராமுக்குச் சுமார் 13 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்புதான் அதன் ருசி. அது நாக்கில் படிகிற வகை, அதனால் அதற்கு வேண்டியது உப்பும் கொஞ்சம் புளிப்பும். அதன்மேல் சர்க்கரையையும் தேனையும் தூள்களையும் அடுக்கினால் நான்காவது வாய்க்கே திகட்டிவிடும்.

பிங்க், சம் என்று பசிபிக்கில் பிடிக்கிற இரண்டு வகைகள் இருக்கின்றன. அவற்றில் 100 கிராமுக்கு 4 கிராம் அளவில்தான் கொழுப்பு. வெளிறின நிறம், மெலிந்த சதை, சீக்கிரம் வறண்டுபோகும். அங்கே எண்ணெயும் மசாலாவும் சேர்ந்த உங்கள் பூச்சுக்கு உண்மையிலேயே வேலை இருக்கிறது. உங்களுக்குக் கால் பங்கு கொடுத்தது இதற்காகத்தான். நீங்கள் வாங்குவது எந்த வகை என்று எழுதவில்லை. உறையில் பாருங்கள்.

உங்கள் பட்டியலையும் ஒருமுறை எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் "நீ எதற்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பழுப்புச் சர்க்கரையும் தேனும் செய்கிற வேலை ஒன்று, ஒன்றை எடுத்துவிடலாம். சோயா சாஸ் என்பதே உப்பு, அதைப் போட்டால் தனி உப்பைக் குறைக்க வேண்டும். கடுகு விழுதிலும் புளிப்பு இருக்கிறது, எலுமிச்சையிலும் இருக்கிறது. பூண்டுத்தூளும் வெங்காயத்தூளும் இரட்டைப் பிள்ளைகள். தைமும் ஆரிகனோவும் அப்படித்தான். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் நான்கு பொருளில் வந்து நிற்கும். எது தலைமை என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கடுகு தலைமை என்றால் கடுகு, உப்பு, கொஞ்சம் தேன், அவ்வளவே. சோயா தலைமை என்றால் அதோடு இஞ்சி, வேறு எதுவும் வேண்டாம். அடுத்த முறை ஒரே துண்டை இரண்டாக வெட்டி, இரண்டுக்கும் ஒரே மாதிரி உப்பிட்டு, ஒன்றை அவர் விருப்பப்படியும் இன்னொன்றைக் குறைத்த உங்கள் பட்டியல்படியும் ஒரே தட்டில் வேகவையுங்கள். இரண்டையும் இரண்டு பேரும் சாப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: உப்பு எவ்வளவு, எப்போது என்று யாரும் தெளிவாகச் சொல்வதில்லை. "தேவையான அளவு" என்றே எழுதுகிறார்கள். நீங்களாவது சொல்லுங்கள் மேடம்.

பதில்: நியாயமான கோபம். மீன் எடையில் நூற்றில் ஒரு பங்கு. 500 கிராம் மீனுக்கு 5 கிராம் உப்பு. தூள் உப்பு என்றால் தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக வரும். கல்லுப்பு என்றால் கரண்டிக் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் காற்று இருக்கிறது. சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. நான் சமையலறைக்கு ஒரு பொருள்தான் சிபாரிசு செய்யலாம் என்றால் அதைத்தான் சொல்வேன்.

அடுப்புக்குப் போவதற்கு 20 முதல் 30 நிமிடம் முன்னால் உப்பிடுங்கள். இந்த அரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் உப்புப் பரல்கள் அப்படியே தெரியும். கொஞ்ச நேரத்தில் மீனிலிருந்து தண்ணீர் கசிந்து, ஒவ்வொரு பரலைச் சுற்றியும் சின்னச் சின்ன முத்துகளாக நிற்கும். அப்புறம் உப்பு அந்தத் தண்ணீரிலேயே கரைந்து, மேல்பரப்பு முழுவதும் பளபளவென்று ஆகும். அந்த உப்புத் தண்ணீர்தான் மெல்ல உள்ளே இறங்குகிறது. தொட்டுப் பார்த்தால் சதை முன்பைவிட இறுகி, லேசாகப் பிசுபிசுக்கும். உப்பு மீனின் மேல்பகுதிப் புரதத்தில் ஒரு பகுதியைக் கரைத்ததால் வருகிற பிசுபிசுப்பு அது. இந்த நிலையில் மேலே மிஞ்சியிருக்கிற ஈரத்தைப் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட்டு அடுப்பில் வைத்தால், மீன் தன் சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நன்றாகச் சிவக்கவும் செய்யும்.

நேரமில்லை என்றால் உப்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து, துண்டுகளை 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்துத் துடைத்து எடுங்கள். பிறகு தனியாக உப்பு வேண்டாம்.

இரண்டு வழியும் சரிப்படவில்லை, சமைக்க நின்றுவிட்டீர்கள் என்றால், அடுப்பில் வைக்கிற அந்த நொடியில் போடுங்கள். உப்பிட்டு ஐந்து, பத்து நிமிடத்தில் வைப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். தண்ணீர் வெளியே வந்திருக்கும், உள்ளே திரும்பியிருக்காது. தவாவில் போட்டால் வறுபடாமல் அவிந்துபோகும்.

கேள்வி: விருந்துக்காக முந்தின நாள் இரவே எலுமிச்சைச் சாறு, பூண்டு, எண்ணெயில் ஊறவைத்தேன். "நன்றாக ஊறட்டும்" என்று செய்தது. மறுநாள் வேகவைத்தால் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. மீன் கெட்டுப்போனதா?

பதில்: மீன் கெடவில்லை அம்மா. எலுமிச்சைச் சாறு அதை ராத்திரியே பாதி சமைத்துவிட்டது. புளிப்பு புரதத்தை இறுக்குகிற விதம், சூடு இறுக்குகிற விதத்துக்கு நெருக்கமானது. தென் அமெரிக்காவில் செவீச்சே என்று பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு அடுப்பே இல்லாமல் வெள்ளையாக மாற்றிச் சாப்பிடுவது இந்தக் குணத்தை வைத்துத்தான். நீங்கள் அப்படி இறுகின மீனை மறுபடி ஓவனிலும் வைத்தீர்கள். இரண்டு முறை வெந்த மீன் உதிராமல் என்ன செய்யும்?

ஊறவைக்கிற கலவையில் எலுமிச்சை, வினிகர், தயிர் எது இருந்தாலும் 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி. கோழிக்கும் ஆட்டிறைச்சிக்கும் இருக்கிற ஊறவைக்கிற கணக்கை மீனுக்குக் கொண்டுவராதீர்கள். மீனின் சதை குட்டை நார்களால் ஆனது. நடுவில் இருக்கிற இணைப்புத் திசுவும் மெலிசு. அதை மென்மையாக்க வேண்டிய அவசியமே கிடையாது.

எலுமிச்சை மணம் முந்தின நாளே ஏற வேண்டும் என்றால் தோலைத் துருவிப் போடுங்கள். மணம் முழுக்கத் தோலின் எண்ணெயில் இருக்கிறது, புளிப்பு இல்லை. சாற்றைச் சாப்பிடுகிற நேரத்தில் பிழிந்துகொள்ளலாம்.

கேள்வி: வேகும்போது மேலே வெள்ளை வெள்ளையாகத் திரண்டு வருகிறதே, அது கொழுப்பா? பார்க்க அசிங்கமாக இருப்பதால் மசாலா பூசி மறைக்கிறேன்.

பதில்: கொழுப்பு இல்லை, புரதம். ஆல்புமின் என்பார்கள். தாராளமாகச் சாப்பிடலாம். சூடு ஏற ஏற நார்கள் சுருங்கி, நடுவில் இருக்கிற நீரை வெளியே பிழிகின்றன. அந்த நீரோடு வந்த புரதம் மேலே உறைகிறது. கொஞ்சம் வருவது இயல்பு. நிறைய வந்தால் அடுப்பு அதிகம், அல்லது நேரம் அதிகம் என்று மீனே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாவால் மூடினால் அந்தச் செய்தி உங்களுக்கு வந்து சேராது. மேலே சொன்ன உப்புத் தண்ணீரும், ஓவனை 200 டிகிரி செல்சியஸிலிருந்து 130க்கு இறக்கிப் பொறுமையாக வேகவைப்பதும் இதற்கு மருந்து.

கேள்வி: தேனும் சோயாவும் பூசினால் ஓவனில் விளிம்பெல்லாம் கரிந்து கசக்கிறது. உள்ளே பார்த்தால் வேகவில்லை.

பதில்: தேனைக் கடைசியில் பூசுங்கள். தேனில் இருக்கிற ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த சூட்டிலேயே நிறம் மாறிவிடும். மீன் முக்கால்வாசி வெந்த பிறகு, வெளியே எடுப்பதற்கு நான்கைந்து நிமிடம் முன்னால் ஒரு பூச்சு, எடுத்ததும் இன்னொரு பூச்சு. கலவையைத் தனியாகச் சின்ன வாணலியில் கொதிக்கவைத்துக் கரண்டியில் ஒட்டுகிற பதத்துக்கு வற்றவைத்துக்கொண்டால் வழியாது. பச்சை மீனில் தொட்ட தூரிகையை மறுபடி கலவைக்குள் விடாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் மசாலா நிறையப் போடுவதற்கு ஒரே காரணம் வாடை. எலுமிச்சை, இஞ்சி, பூண்டு என்று எல்லாம் போட்டும் ஒரு கவிச்சி அடியில் நிற்கிறது. இதற்கு எந்த மசாலா சரி?

பதில்: எந்த மசாலாவும் சரி இல்லை என்பதுதான் பதில். வாடைக்கு மூன்று காரணம் உண்டு. எது என்று பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலாவது, பழைய மீன். கடல் மீன்களின் சதையில் டிரைமெத்திலமின் ஆக்சைடு என்று ஒரு பொருள் இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை டிரைமெத்திலமினாக மாற்றும். மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். எலுமிச்சை இதை ஓரளவு அடக்கும், ஏனென்றால் புளிப்பு அதோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாற்றிவிடும். லேசான வாடைக்கு அது போதும். அமோனியா மாதிரி மூக்கைத் தாக்கினால், விரலால் அழுத்தின இடம் பள்ளமாகவே நின்றால், அந்த மீனை எதைப் போட்டும் சமைக்காதீர்கள்.

இரண்டாவது, கெட்டுப்போன கொழுப்பு. சால்மனில் இருக்கிற ஒமேகா-3 கொழுப்பு உடம்புக்கு நல்லது, ஆனால் காற்றுப்பட்டால் சீக்கிரம் காறிப்போகும். ஃப்ரீஸரில் மாதக்கணக்கில் காற்றுப் புகுந்த பையில் கிடந்த மீன் பழைய எண்ணெய் வாடை அடிக்கும். ஓரங்கள் மஞ்சள் பாய்ந்து, வெள்ளையாகக் காய்ந்த திட்டுகளும் தெரியும். இதை எலுமிச்சை தொடவே தொடாது.

மூன்றாவது காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. உங்களுக்கு அதுதான் என்று நினைக்கிறேன், "அடியில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். வெந்த துண்டைத் திருப்பிப்போட்டுத் தோலை மெல்ல உரித்துப் பாருங்கள். தோலுக்கும் ஆரஞ்சுச் சதைக்கும் நடுவில் சாம்பலும் பழுப்புமாக ஒரு பட்டை ஓடும். துண்டின் நடுக்கோட்டில் தடிமனாக இருக்கும், இரண்டு பக்கமும் போகப்போக மெலிந்து மறைந்துவிடும். மீன் ஓயாமல் நீந்தப் பயன்படுத்துகிற தசை அது. இரும்புச் சத்தும் கொழுப்பும் மற்ற இடத்தைவிட அதிகம். அந்த இரும்பே பக்கத்தில் இருக்கிற கொழுப்பைச் சீக்கிரம் காறவைக்கிறது. மீன் மற்றபடி நன்றாக இருக்கும்போதே இந்தப் பட்டை மட்டும் கவிச்சியடிப்பது உண்டு. தின்னக்கூடாதது எதுவும் அதில் இல்லை. பிடிக்காவிட்டால், பச்சையாக இருக்கும்போதே தோலை எடுத்துவிட்டு, கத்தியைப் படுக்கவைத்து அந்தப் பட்டையை மட்டும் சீவி எடுத்துவிடுங்கள். நல்ல கூர்மையான கத்தி என்றால் ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு உப்பு மட்டும் போட்டுச் சமைத்துப் பாருங்கள். இத்தனை நாள் இஞ்சியும் பூண்டும் எதை எதிர்த்துப் போராடின என்பது புரிந்துவிடும்.

கேள்வி: விடுதி அறையில் இருக்கிறேன். ஒரு தவா, ஒரு மின் அடுப்பு, உப்பு, மிளகு, வெண்ணெய். இவ்வளவுதான். இதில் நல்ல சால்மன் சாத்தியமா?

பதில்: தம்பி, இந்தப் பக்கத்தில் எழுதியவர்களிலேயே வசதியான இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். கொஞ்சம் எண்ணெய் மட்டும் வாங்கிக்கொண்டால் வேண்டியதெல்லாம் இருக்கிறது, வேண்டாதது எதுவும் இல்லை.

தோலோடு இருக்கிற துண்டாக வாங்குங்கள். சதையின்மேல் விரலை ஓட்டினால் முள் நுனிகள் தட்டுப்படும். தலைப்பக்கம் நோக்கிச் சாய்த்து இடுக்கியால் இழுத்தால் சதை கிழியாமல் வரும். உப்பிட்டு அரை மணி கழித்துத் துடையுங்கள். தோல் பக்கத்தை இரண்டு தடவை துடையுங்கள். ஈரத் தோல் ஒருநாளும் மொறுமொறுக்காது, அதோடு தவாவில் ஒட்டிக்கொள்ளும்.

தவாவை நடுத்தரத்துக்குச் சற்று மேலான சூட்டில் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். வெண்ணெயை இப்போது போட்டால் கருகும், பொறுங்கள். வைத்த உடனே தோல் சுருங்கித் துண்டு வில்லாக வளையும். தட்டையான கரண்டியால் பத்துப் பதினைந்து நொடி மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். பிறகு அடுப்பைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டில் இருந்து பாருங்கள். அடியில் வெளிர் நிறம் கிளம்பி, மேல் நோக்கி ஒரு கோடாக ஏறும். அந்தக் கோடு முக்கால் உயரத்தைத் தாண்டும் வரை திருப்பவே கூடாது. தோல் தயாரானால் தானாகவே தவாவை விடும். திருப்பியபின் ஒரு நிமிடம் போதும். அப்போது வெண்ணெயைப் போட்டு, அது நுரைத்து அடங்கும்போது தவாவைச் சாய்த்துக் கரண்டியால் மீன்மேல் ஊற்றுங்கள்.

மிளகை எடுத்த பிறகு பொடித்துப் போடுங்கள். முதலிலேயே போட்டால் சூட்டில் மணம் போய்க் கசப்புதான் நிற்கும். பரிமாறும்போது தோல் மேலே இருக்கட்டும், கீழே வைத்தால் தன் ஆவியிலேயே நமத்துவிடும்.

பதம் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் மீனுக்குச் சொல்கிற உள் வெப்பம் 63 டிகிரி. சமையற்காரர்கள் பலர் 52 டிகிரியிலேயே எடுத்துவிடுகிறார்கள், அந்தப் பதத்தில் நடுச்சதை கண்ணாடி மாதிரி பாதி தெளிவாக இருக்கும். கர்ப்பிணிகள், வயதானவர்கள், உடல் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், சின்னக் குழந்தைகள் சாப்பிடுகிற இடத்தில் 63தான், அதில் பேச்சே இல்லை.

கேள்வி: எளிமை, எளிமை என்கிறீர்கள். ஜப்பானியர்கள் மிசோ என்ற புளிக்கவைத்த சோயா விழுதில் நாள்கணக்கில் ஊறவைக்கிறார்கள், ஸ்காண்டிநேவியாவில் சர்க்கரையும் சதகுப்பையும் போட்டு மூடிவைக்கிறார்கள். சால்மனோடு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறவர்களே இப்படிச் செய்யும்போது உங்கள் வாதம் நிற்குமா?

பதில்: நல்ல கேள்வி. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டிலும் பொருள்களை எண்ணிப் பாருங்கள்.

ஸ்காண்டிநேவியாவின் கிராவ்லாக்ஸில் உப்பு, சர்க்கரை, சதகுப்பை, மிளகு. இரண்டு துண்டுகளை முகத்துக்கு முகம் வைத்து, நடுவில் இவற்றைத் திணித்து, மேலே கனம் ஏற்றி, குளிரில் இரண்டு மூன்று நாள் விடுவார்கள். அடுப்பு கிடையாது. மீனிலிருந்து தண்ணீரை வெளியேற்றிச் சதையை இறுக்குவது உப்பும் சர்க்கரையும் சேர்ந்து செய்கிற வேலை. சதகுப்பை மணத்துக்கு. இதில் ருசிக்காகக் கூட்டிவைத்த பதினோராவது பொருள் என்று எதுவுமே இல்லை. வீட்டில் செய்ய ஆசைப்பட்டால் ஒன்றை மறக்காதீர்கள். பச்சையாகச் சாப்பிடுகிற மீனை ஒட்டுண்ணிகள் சாகிற அளவு முன்னதாக உறையவைத்திருக்க வேண்டும். மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் என்பது அமெரிக்க வழிகாட்டுதல். வீட்டு ஃப்ரீஸர் எல்லாமே அந்தக் குளிருக்குப் போவதில்லை. உப்பும் எலுமிச்சையும் ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

மிசோவும் அப்படித்தான். வெள்ளை மிசோ, மிரின் என்ற இனிப்பு அரிசி மது, சாக்கே என்ற சாதாரண அரிசி மது. ஊறின பிறகு மிசோவை வழித்து எடுத்துவிட்டுத்தான் நெருப்பில் காட்டுவார்கள், இல்லையென்றால் கருகும். நாள்கணக்கில் ஊறுவது வேறு, பொருள் பட்டியல் நீளுவது வேறு. அதே ஜப்பானில் தினப்படிக் காலை உணவுக்கு வைக்கிற சால்மன் உப்பு மட்டும் போட்டு ஊறினதுதான். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் வாழும் பழங்குடி மக்கள் மீனைத் தேவதாருக் குச்சியில் பிளந்து கோத்துத் தீக்கு அருகில் நட்டுவைத்துச் சுடுவார்கள். அங்கே புகைதான் மசாலா.

சால்மனோடு வாழ்ந்தவர்கள் அதற்கு நேரத்தைக் கொடுத்தார்கள், குளிரைக் கொடுத்தார்கள், புகையைக் கொடுத்தார்கள். டப்பாக்களைக் கொடுக்கவில்லை. என் வாதம் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். உப்பில்லாமல் எளிய சால்மன் எப்படி ருசிக்கும்?

பதில்: இங்கே நான் கட்சி மாறுகிறேன். உப்பு குறையும்போது மற்றவை கூடத்தான் வேண்டும். எலுமிச்சைத் தோல் துருவல், சாறு, நிறைய மிளகு, பச்சைச் சதகுப்பை, வெங்காயத்தாள், வதக்கின பூண்டு எல்லாம் போடலாம்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற உச்சவரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ். நான் மேலே சொன்ன கணக்கில் 150 கிராம் துண்டில் 1.5 கிராம் உப்பு சேரும். அப்பாவின் துண்டுக்கு முன்கூட்டி உப்பிடாமல், வெந்த பிறகு அரை கிராம் பொடியுப்பை மேலே தூவுங்கள். நாக்கில் நேராகப் படுவதால் கொஞ்சம் உப்பே தூக்கலாகத் தெரியும். அவருடைய கணக்கு எவ்வளவு என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சோயா சாஸைத் தவிருங்கள், ஒரு மேசைக்கரண்டியிலேயே 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கும். கடைகளில் கிடைக்கும் தயார் மசாலாக் கலவைகளில் பல டப்பாக்களில் முதல் பொருளே உப்புதான், பின்பக்கத்தைப் படியுங்கள். புகையூட்டின சால்மனும் அவருக்கு வேண்டாம்.

கேள்வி: அலாஸ்காவில் பிடித்த சாக்கை சால்மன் கிடைத்தது. ரத்தச் சிவப்பு. பண்ணை மீனுக்குச் செய்வதையே இதற்கும் செய்யலாமா?

பதில்: உப்பு அதே கணக்கு, நெருப்பு மட்டும் குறைவு. சாக்கை மெலிந்த மீன், துண்டும் தடிமன் குறைவு. பண்ணை மீனுக்கு ஆகிற நேரத்தில் பாதி தாண்டினதுமே பார்க்க ஆரம்பியுங்கள். அந்தச் சிவப்பு, அது தின்று வளர்ந்த சின்னக் கடல் உயிரிகளில் இருக்கிற அஸ்டசாந்தின் என்ற நிறமியால் வருவது. அலாஸ்காவில் 1990 முதல் மீன் பண்ணை நடத்துவதற்குச் சட்டப்படி தடை, எனவே அந்தப் பெயர் உண்மையாக இருந்தால் அது கடலில் திரிந்த மீன்தான். இதன் ருசி பண்ணை மீனைவிட அழுத்தமானது. தயவுசெய்து இதற்குத் தேன் பூசாதீர்கள். உப்பு, நல்ல வெண்ணெய் ஒரு துண்டு, சாப்பிடும்போது எலுமிச்சை.

கேள்வி: மிஞ்சின சால்மனைச் சூடாக்கினால் வீடே நாறுகிறது. என்ன மசாலா சேர்த்தால் சரியாகும்?

பதில்: சூடாக்காதீர்கள். வெந்த மீனின் கொழுப்பு ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே காற்றோடு சேர்ந்து மாற ஆரம்பித்துவிடும். மறுபடி சூடு பட்டதும் அந்த வாடை முழுக்க மேலே வரும். மைக்ரோவேவ் இன்னும் மோசம். குளிராகவே உதிர்த்து, தயிர் அல்லது மயோனைஸ், கடுகு விழுது, பொடியாக நறுக்கின வெங்காயத்தாள், எலுமிச்சை, மிளகு சேர்த்துப் பிசைந்து ரொட்டியில் வைத்துச் சாப்பிடுங்கள்.

சூடாகத்தான் வேண்டும் என்றால், உதிர்த்த மீனோடு வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், கொத்தமல்லி, கையில் கிடைக்கிற எதையும் தாராளமாகச் சேர்த்து வடை மாதிரி தட்டிப் பொரியுங்கள். டப்பாவில் அடைத்து விற்கிற பிங்க் சால்மனுக்கும் இதே வழிதான். அதில் இருக்கிற முள் அடைக்கும்போதே வெந்து மெத்தென்று ஆகியிருக்கும், எடுக்க வேண்டாம், நசுக்கிச் சேர்த்துவிடலாம். முதல் கடிதம் எழுதிய தங்கை தன் பதினொரு பொருளையும் இதில் போடலாம், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வெந்த மீனை ஃப்ரிட்ஜில் மூன்று நாளுக்கு மேல் வைக்காதீர்கள்.